விரையில் கட்டி, கீறுவது தொடையிடுக்கில்: விரைப் புற்றுநோய் அறுவை சிகிச்சை, எளிய விளக்கம்

கடலூர், பாண்டி பக்கம் ஒரு ஆணுக்கு விரைப்பை வீங்கியிருக்கிறது என்றால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது "நீர் கோத்திருக்கும்" என்பதுதான். அதற்குக் காரணம் உண்டு. இந்தக் கரையோரம் தலைமுறை தலைமுறையாக யானைக்கால் நோய் இருந்த பகுதி. சாக்கடைத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு பரப்புகிற அந்த நோய் காலை வீங்க வைப்பதோடு நிற்காது, ஆண்களின் விரைப்பையிலும் நீரைச் சேர்த்துவிடும். நோய் பரப்பும் கொசுக்களை ஆராய்வதற்கென்றே பாண்டிச்சேரியில் 1975-ல் ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது, யானைக்கால் கட்டுப்பாடு அதன் பெரிய வேலைகளில் ஒன்று. இப்படிப்பட்ட ஊரில் ஓதம், விரை வீக்கம், நீர் கோத்தல் எல்லாமே பழகிப்போன விஷயம், அதனால் யாரும் பதறுவதில்லை.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. இருபத்தைந்து வயதுப் பையனுக்கு விரையில் வலியில்லாத கட்டி வந்தால் அதையும் அதே கணக்கில் சேர்த்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். அப்புறம் ஒருநாள் ஸ்கேனில் புற்றுநோய் என்று தெரிந்ததும் பேச்சு மொத்தமாக மாறிவிடுகிறது. "கத்தி பட்டா பரவிடும்", "ஆண்மை போயிடும்", "கல்யாணம் ஆகாது", "கட்டி கீழ இருக்கு, டாக்டர் ஏன் வயித்துல கீறினார், தப்பா பண்ணிட்டாரா?" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இவற்றில் கடைசிக் கேள்விதான் மிக நல்ல கேள்வி. அதற்குப் பதில் புரிந்துவிட்டால் மற்ற மூன்று பயங்களும் பெருமளவு தாமாகவே தெளிந்துவிடும். அதனால் அந்தக் கேள்வியை வைத்தே இந்தக் கட்டுரையை நகர்த்துகிறேன்.

எல்லா வீக்கமும் ஒன்றில்லை

விரைப்பை என்பது தோல் பை. அதற்குள் இரண்டு விரைகள். பைக்குள் எது வீங்கினாலும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். விரையைச் சுற்றி நீர் சேர்ந்தால் அது ஹைட்ரோசில், நாம் ஓதம் என்கிறோம். குடல் மேலிருந்து இறங்கி வந்தால் குடலிறக்கம், இருமினால் பெரிதாகும், படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். கிருமித் தொற்று என்றால் வலியும் காய்ச்சலும் இருக்கும். விரை தன் தண்டோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டால் திடீரென்று தாங்க முடியாத வலி வரும், அதற்கு ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் பெரும்பாலும் விரையைக் காப்பாற்ற முடியும், விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

புற்றுநோய்க் கட்டி இவற்றிலிருந்து வேறுபடும். அது விரையைச் சுற்றி இருக்காது, விரைக்குள்ளேயே இருக்கும். தொட்டால் கெட்டியாக இருக்கும். பெரும்பாலும் வலிக்காது, ஒரு பக்கம் கனமாக இழுப்பதுபோலத் தோன்றும், அவ்வளவுதான். வருவதும் பெரும்பாலும் 15 வயதிலிருந்து 40 வயதுக்குள். புற்றுநோய் என்றால் வயதானவர்களுக்கு வருவது என்ற நினைப்பே இந்த வயதுப் பிள்ளைகளை ஏமாற்றிவிடுகிறது. ஆண்களுக்கு வரும் மொத்தப் புற்றுநோய்களில் இது ஏறத்தாழ நூற்றில் ஒன்று, நம் நாட்டில் இன்னும் அரிது. ஆனால் வரும்போது படிக்கிற, வேலை தேடுகிற, கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற வயதில் வருகிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. புற்றுநோய்க் கட்டியைச் சுற்றியும் சில நேரம் நீர் சேரும். அப்போது வெளியே தெரிவது நீர்தான், கட்டி உள்ளே மறைந்திருக்கும். அதனால் விரை வீக்கம் என்றாலே ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். சில நிமிட வேலை, ஊசி கிடையாது, வலி கிடையாது. கடலூரிலும் பாண்டியிலும் இந்த ஸ்கேன் வசதிக்குப் பஞ்சமில்லை. ஸ்கேன் எடுக்காமல் யாரும் ஊசி குத்தி நீரை எடுக்கவோ, விரைப்பையைக் கீறவோ விடாதீர்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் அடுத்த பகுதியில்.

விரையின் சொந்த ஊர் எது?

பண்ருட்டிக்காரர் ஒருவர் வேலைக்காகக் கடலூர் வந்து திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பகுதியில் வீட்டுக்காரர். இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. ஆனால் பண்ருட்டிக்காரரின் ரேஷன் கார்டு, ஓட்டு, குலதெய்வம், கல்யாணம் காட்சி எல்லாம் பண்ருட்டியில். நல்லது கெட்டது எதுவானாலும் சேதி அங்கேதான் போகும். வீட்டுக்காரருக்கோ எல்லாமே இதே தெருவில். பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தாலும் இருவருடைய போக்குவரத்தும் வேறு வேறு திசையில்.

விரையும் விரைப்பைத் தோலும் இப்படித்தான். தோல் உள்ளூர்க்காரர், விரை வெளியூர்க்காரர். தாயின் வயிற்றில் குழந்தை உருவாகும்போது ஆண் குழந்தையின் விரை கீழே உருவாவதில்லை. வயிற்றின் பின்சுவரில், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகிறது. பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, கர்ப்பத்தின் ஏழாம் மாத வாக்கில் தொடையிடுக்கில் உள்ள ஒரு குறுகிய பாதை வழியாக விரைப்பைக்குள் வந்து சேர்கிறது. வரும்போது தன் ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய், நரம்பு எல்லாவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. இவையும் விந்து செல்லும் குழாயும் சேர்ந்து ஒரே கட்டாக இருக்கும். அந்தக் கட்டுக்கு விந்துத்தண்டு என்று பெயர். இன்றைக்கும் உங்கள் விரைக்கு வரும் ரத்தக்குழாய் சிறுநீரகத்தின் உயரத்தில், உடலின் பெரிய தமனியிலிருந்துதான் கிளம்புகிறது.

இதில் நிணநீர் என்ற சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். உடலின் திசுக்களில் கசியும் நீரைத் திரும்ப எடுத்துச்செல்லும் மெல்லிய குழாய்களில் ஓடுவது நிணநீர். அந்தக் குழாய்களின் வழியில் அங்கங்கே சிறு வடிகட்டிகள் இருக்கும், அவைதான் நிணநீர் முடிச்சுகள். காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் "நெறி கட்டியிருக்கு" என்கிறோமே, அந்த நெறி வீங்கிய நிணநீர் முடிச்சுதான். புற்றுநோய்ச் செல்கள் உடலில் பரவும்போது பல நேரம் இந்தக் குழாய்களின் வழியாகத்தான் போகும், போய் முதலில் தங்குவதும் அந்த முடிச்சுகளில்தான்.

விரைப்பைத் தோலின் நிணநீர் தொடையிடுக்கில் உள்ள முடிச்சுகளுக்குப் போகிறது. விரையின் நிணநீரோ தொடையிடுக்கில் நிற்காமல் நேராக மேலே ஏறி, சிறுநீரகங்களின் உயரத்தில், முதுகெலும்புக்கு முன்னால் பெரிய ரத்தக்குழாய்களைச் சுற்றியுள்ள முடிச்சுகளுக்குப் போய்விடுகிறது. சிலருக்கு முதல் அறிகுறியே தீராத முதுகுவலியாக வருவதற்கும் இதுதான் காரணம், அந்த முடிச்சுகள் வீங்கி அழுத்துகின்றன.

இதுவரை வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: விரை பிறந்த இடம் சிறுநீரகத்தின் பக்கம், அதன் ரத்தமும் நிணநீரும் இன்னும் அங்கேயே போய் வருகின்றன. அதைச் சுற்றியுள்ள தோலுக்கு வேறு வடிகால்.

முதல் ஆபரேஷன்: ஏன் மேலே கீறுகிறார்கள்

இப்போது கேள்விக்கு வரலாம். புற்றுநோய் உள்ள விரையை எடுக்க விரைப்பைத் தோலை நேராகக் கீறினால் என்ன ஆகும்? தனித்தனியாக இருந்த இரண்டு வடிகால்களையும் நாமே இணைத்துவிடுகிறோம். மேல் நோக்கி மட்டும் போயிருக்க வேண்டிய செல்கள் தோலிலும் தொடையிடுக்கு முடிச்சுகளிலும் தங்க வாய்ப்புக் கிடைக்கிறது. அதோடு, விரைப்பை வழியாகப் போனால் விந்துத்தண்டின் மேல்பகுதி எட்டாது, தண்டின் ஒரு பகுதி உள்ளேயே நின்றுவிடும்.

அதனால் அறுவை மருத்துவர் அடிவயிற்றின் ஓரத்தில், தொடை மடிப்புக்குச் சற்று மேலே, சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறுகிறார். விரை இறங்கி வந்த அதே பாதையைத் திறந்து, விந்துத்தண்டை முதலில் பிடித்துக்கொள்கிறார். பிறகு விரையைக் கீழிருந்து மேலே தள்ளி, அந்தக் கீறல் வழியாகவே முழுசாக வெளியே எடுக்கிறார். தண்டை அது வயிற்றுக்குள் நுழையும் இடம் வரை பிரித்து, அங்கே கட்டி, வெட்டிவிடுகிறார். விரைப்பைத் தோலில் ஒரு கீறல்கூட இருக்காது. இதற்குப் பெயர் ஆர்க்கிடெக்டமி, அதாவது விரையை அகற்றுதல். முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கம் கொடுத்தோ செய்வார்கள். வழக்கமாக ஒரு மணி நேரத்தை ஒட்டிய ஆபரேஷன், பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம், சில வாரங்கள் கனமானதைத் தூக்கக் கூடாது.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு நுணுக்கம் இந்த ஆபரேஷனில் உண்டு. உள்ளே விடப்படும் தண்டின் முனையைக் கரையாத நூலால் கட்டி, நூலின் வால் நீளமாக இருக்கும்படி விட்டுவிடுவார்கள். பிற்காலத்தில் வயிற்றைத் திறந்து இரண்டாவது ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தால், மிச்சத் தண்டு எங்கே இருக்கிறது என்று அந்த மருத்துவர் தேடிக் கண்டுபிடிக்க அந்த நூல் உதவும். இன்று ஆபரேஷன் செய்பவர், என்றைக்கோ செய்யப்போகும் இன்னொருவருக்கு விட்டுச்செல்லும் அடையாளம் அது.

"ஒரு துண்டு மட்டும் எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமே, எதுக்கு முழுசா எடுக்கணும்?" என்று கேட்பவர்கள் நிறைய. மற்ற பல புற்றுநோய்களில் பயாப்ஸி என்று ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது சரியான வழிதான். விரையில் அது பொருந்தாது. ஊசி விரைப்பைத் தோலைத் தாண்டித்தான் போக வேண்டும், அதுவே நாம் தவிர்க்க நினைக்கும் பாதை. அதோடு ஒரே கட்டிக்குள் பல வகைச் செல்கள் கலந்திருக்கலாம், ஊசி எடுத்த துண்டில் ஒரு வகைதான் இருந்தது என்றால் சிகிச்சையே தவறிப்போகும். அதனால் முழு விரையையும் எடுத்து, அதை நோய்க்குறியியல் மருத்துவர் பல இடங்களில் அறுத்துப் பார்க்கிறார். ஒரே ஆபரேஷன் நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையாகவும் சிகிச்சையின் முதல் படியாகவும் ஆகிவிடுகிறது.

ஆக, "கத்தி பட்டா பரவிடும்" என்ற பயத்துக்குள் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. தவறான வழியில் போகும் கத்திதான் ஆபத்து. சரியான வழியில் போனால் கத்தியைவிட நம்பகமான மருந்து இந்தக் கட்டத்தில் இல்லை. பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதற்குப் பதிலாக, "தொடையிடுக்கு வழியாகத்தானே செய்வீர்கள்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆபரேஷனுக்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் ரத்தப் பரிசோதனை. இந்தக் கட்டிகளில் பல, ரத்தத்தில் சில பொருள்களைக் கலக்கின்றன. ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்று மூன்று. இவற்றை டியூமர் மார்க்கர் என்பார்கள். இதில் எச்.சி.ஜி. என்பது கர்ப்பம் இருக்கிறதா என்று பார்க்கும் கார்டில் கோடு விழவைக்கும் அதே ஹார்மோன். ஆபரேஷனுக்கு முன் அளவு தெரிந்திருந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். விரையை எடுத்த பிறகு எச்.சி.ஜி. ஒன்று முதல் மூன்று நாளுக்கு ஒருமுறையும், ஏ.எஃப்.பி. ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறையும் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வர வேண்டும். அப்படிக் குறையாமல் நின்றாலோ ஏறினாலோ வேறெங்கோ நோய் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். ஆபரேஷன் முடிந்த பிறகு "அடடா, முன்னாடி ரத்தம் எடுக்கலையே" என்றால் அந்த எண் திரும்பக் கிடைக்காது.

அடுத்தது விந்து சேமிப்பு. வீட்டில் யாரும் பேசத் துணியாத விஷயம் என்பதால் நான் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். இந்த நோய் வரும் ஆண்கள் சிலருக்கு, சிகிச்சைக்கு முன்பே விந்தணு எண்ணிக்கை குறைவாக இருக்கும். கீமோ கொடுத்தால் இன்னும் குறையும், பலருக்குப் பிறகு திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாமலும் போகும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே, முடியாவிட்டால் கீமோ தொடங்கும் முன்பாவது, விந்தைக் கொடுத்து உறைநிலையில் சேமித்து வைக்கலாம். குழந்தைப்பேறு சிகிச்சை மையங்களில் இந்த வசதி இருக்கும், ஓரிரு நாள் வேலை. பையனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, இதைப் போய் எப்படி அவனிடம் பேசுவது என்று அப்பா கூச்சப்படுவார், அம்மா பேசவே மாட்டார், பையனும் கேட்க மாட்டான். பத்து வருஷம் கழித்து அந்தக் கூச்சத்தின் விலை மிகப் பெரிதாக இருக்கும். மருத்துவர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

நோய் ஏற்கெனவே நுரையீரல் வரை வேகமாகப் பரவி, மூச்சுத்திணறலோடு வருபவர்களுக்கு மட்டும் சில நேரம் கீமோவை முதலில் கொடுத்து, விரையை அகற்றும் ஆபரேஷனைப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். மற்ற எல்லோருக்கும் ஆபரேஷன்தான் முதல் படி.

ஆண்மை போய்விடுமா?

போகாது. மீசை, குரல், தசை, ஆசை, விறைப்பு எல்லாவற்றுக்கும் வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனை ஆரோக்கியமான ஒற்றை விரையே பெரும்பாலானவர்களுக்குப் போதிய அளவு சுரந்துவிடும். குழந்தை பெறுவதற்கும் ஒரு விரை போதும். ஹார்மோன் அளவு குறைந்தால் ரத்தத்தில் பார்த்து மருந்தாகக் கொடுக்க முடியும்.

இரண்டு விரைகளிலும் கட்டி இருந்தாலோ, இருக்கிற ஒற்றை விரையிலேயே கட்டி வந்தாலோதான் சிக்கல். அப்போது கட்டி சிறியதாக இருந்தால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மிச்ச விரையைக் காப்பாற்றும் ஆபரேஷனை யோசிப்பார்கள். ஸ்கேனில் பார்க்கச் சாதாரணக் கட்டி மாதிரி இருக்கிறது, புற்றுநோயாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றாலும் இந்த வழியைப் பார்ப்பார்கள். அதையும் தொடையிடுக்கு வழியாகத்தான் செய்ய வேண்டும். எடுத்த கட்டியை ஆபரேஷன் நடக்கும்போதே உறைய வைத்து நுண்ணோக்கியில் பார்த்து, முடிவைச் சொன்ன பிறகே அடுத்ததைத் தீர்மானிப்பார்கள். இரண்டையும் எடுக்க வேண்டி வந்தால் வாழ்நாள் முழுக்க டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ள வேண்டும், அப்படி எடுத்துக்கொண்டு இயல்பாக வாழலாம்.

பை காலியாகத் தெரிவது மனசை உறுத்தினால் சிலிக்கானில் செய்த செயற்கை விரையை வைத்துக்கொள்ளலாம். அன்றே வைக்கலாம், பிறகும் வைக்கலாம், வேண்டாம் என்றும் இருக்கலாம்.

எடுத்த பிறகு: சும்மா இருப்பதும் ஒரு சிகிச்சைதான்

எடுத்த விரையின் அறிக்கை வந்ததும் நோய் இரண்டு பெரிய வகைகளில் ஒன்றாகப் பிரியும். ஒன்று செமினோமா, மெதுவாக வளரும், கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் நன்றாக அடங்கும். மற்றது நான்-செமினோமா, பல வகைச் செல்கள் கலந்திருக்கும், கொஞ்சம் வேகமானது. அதோடு வயிற்றுக்கும் மார்புக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்து நிலையைப் பிரிப்பார்கள். விரையோடு நின்றிருந்தால் முதல் நிலை. வயிற்றின் பின்புற முடிச்சுகள் வரை போயிருந்தால் இரண்டாம் நிலை. அதையும் தாண்டினால் மூன்றாம் நிலை.

முதல் நிலையில் பலருக்கு அந்த ஒரு ஆபரேஷனோடு சிகிச்சை முடிந்துவிடும். செமினோமாவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு நோய் திரும்புவதில்லை. அதனால் எல்லோருக்கும் கீமோ கொடுக்காமல் கண்காணிப்பில் வைப்பார்கள். "டாக்டர் மருந்தே கொடுக்கல, சும்மா வரச் சொல்லி ரத்தம் மட்டும் எடுக்கிறார்" என்று சொந்தக்காரர்கள் குறைபடுவார்கள். அவர் அசட்டையாக இல்லை. தேவையில்லாத மருந்திலிருந்து அந்த இளைஞனைக் காப்பாற்றுகிறார். நோய் திரும்பினாலும் சீக்கிரம் பிடித்துவிட்டால் குணப்படுத்த முடியும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு சாத்தியமாகிறது.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. 1974-ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் இதை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். பரவிய விரைப் புற்றுநோய் என்றால் பிழைப்பவர் மிகச் சிலர் என்றிருந்த நிலை அதற்குப் பிறகு தலைகீழானது. கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் 2012-ல் சிகிச்சைக்குப் போனது அதே டாக்டரிடம்தான். அவருக்கு வந்ததும் செமினோமா, ஆனால் விரையில் இல்லை, இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே மார்புக்குள். நம் ஊரில் இன்னும் பலர் அதை நுரையீரல் புற்றுநோய் என்றே பேசுகிறார்கள். அவருக்குக் கீமோதான் சிகிச்சை. அதே ஆண்டு செப்டம்பரில் சேப்பாக்கம் மைதானத்தில் இந்திய அணிக்காகத் திரும்ப ஆட வந்தார்.

இரண்டாவது ஆபரேஷன்: வயிற்றின் பின்சுவர் வரை

இப்போது விரையின் சொந்த ஊருக்கே போகும் ஆபரேஷன். சிறுநீரகங்களின் உயரத்திலிருந்து கீழ்வரை, பெரிய தமனியையும் பெரிய சிரையையும் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளைச் சுத்தமாக எடுப்பது. மருத்துவர்கள் இதை ஆர்.பி.எல்.என்.டி. என்று எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். இது பெரிய ஆபரேஷன். நெஞ்செலும்புக்குக் கீழிருந்து தொப்புளுக்குக் கீழ் வரை வயிற்றைத் திறந்து, குடல் முழுவதையும் ஒதுக்கி வைத்து, ரத்தக்குழாய்களிலிருந்து திசுவை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரிப்பார்கள், பல மணி நேரம் ஆகும். தேர்ந்தெடுத்த சிலருக்குச் சிறு துளைகள் வழியாகவோ ரோபோ உதவியோடோ செய்வதும் உண்டு.

எல்லோருக்கும் இது தேவைப்படாது. நான்-செமினோமா உள்ள சிலருக்கு, முதல் நிலையிலோ முடிச்சுகளில் சிறிதளவு பரவிய நிலையிலோ, கீமோவுக்குப் பதிலாக இதைச் செய்வார்கள். சிறிதளவு பரவிய செமினோமாவிலும் அண்மை ஆண்டுகளில் இதைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் அதிகம் தேவைப்படுவது கீமோ முடிந்த பிறகு.

இங்கேதான் குடும்பங்கள் மிகவும் குழம்புகின்றன. "கீமோவில் கட்டி சுருங்கிடுச்சு, மார்க்கர் எல்லாம் நார்மல்னு சொன்னாங்க, அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய ஆபரேஷன்?" என்ற கேள்வி நியாயமானது. சுருங்கி மிச்சமிருக்கும் அந்தக் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எந்த ஸ்கேனும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது மூன்று வகைகளில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். வெறும் செத்த திசுவும் தழும்புமாக இருக்கலாம், நான்-செமினோமாவில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அப்படித்தான். உயிருள்ள புற்றுநோய் மிச்சம் இருக்கலாம், அது பத்தில் ஒருவர் கணக்கில் வரும். மீதிப்பேருக்கு இருப்பது டெரட்டோமா. பல்லும் முடியும் தோலும் எலும்பும் போன்ற முதிர்ந்த திசுக்களாக மாறிப்போன கட்டி இது. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ கொல்லும், டெரட்டோமா மெதுவாக வளர்வதால் அதன்மேல் கீமோவுக்கு வேலையில்லை. அப்படியே விட்டால் வளர்ந்து சிறுநீர்க்குழாயையோ ரத்தக்குழாயையோ அழுத்தும், சில நேரம் பல வருஷம் கழித்து வேறொரு மோசமான புற்றாகவும் மாறும். கத்தி ஒன்றுதான் அதற்கு வழி. அதனால்தான் நான்-செமினோமாவில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மிச்சக் கட்டி இருந்தால் எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். செமினோமாவில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் தழும்புதான், அதனால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், உயிருள்ள புற்று இருக்கும் அறிகுறி தெரிகிறதா என்று பார்க்கும் பெட் (PET) ஸ்கேன் எடுத்து முடிவு செய்வார்கள்.

இந்த ஆபரேஷனின் பெரிய பக்கவிளைவு ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். முதுகெலும்பின் இருபுறமும் இறங்கும் மெல்லிய நரம்புகள்தான் விந்து வெளியேறுவதை நடத்துகின்றன. முடிச்சுகள் இருப்பதும் அதே இடம். நரம்புகள் வெட்டுப்பட்டால் உச்சம் வரும், ஆனால் விந்து வெளியே வராது. விறைப்பும் ஆசையும் உணர்வும் அப்படியே இருக்கும். முன்பெல்லாம் இந்த ஆபரேஷன் என்றாலே இது நடக்கும் என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 1980-களில் அந்த நரம்புகளின் பாதையைத் துல்லியமாகக் கண்டறிந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாதுகாக்கும் முறை வந்தது. கட்டி நரம்போடு ஒட்டாமல் இருந்தால் இன்று பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். முடியாமல் போனாலும் விந்தணுவை நேரடியாக எடுத்துக் குழந்தை பெற வழி உண்டு, முன்பே சேமித்திருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

இன்னொன்று. பிளியோமைசின் என்ற கீமோ மருந்து எடுத்தவர்கள் அதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து நுரையீரலைப் பாதித்திருக்கலாம், ஆபரேஷனில் ஆக்சிஜனை எவ்வளவு கொடுப்பது என்பதை அவர் அதற்கேற்ப முடிவு செய்வார். பல வருஷம் கழித்து வேறு எதற்காவது ஆபரேஷன் என்றாலும் இதைச் சொல்லுங்கள்.

சுருக்கமாக: முதல் ஆபரேஷன் விரையையும் தண்டையும் எடுக்கிறது, இரண்டாவது அந்தத் தண்டு போய்ச் சேரும் ஊரைச் சுத்தம் செய்கிறது. முதலாவது எல்லோருக்கும், இரண்டாவது சிலருக்கு.

எங்கே செய்வது, எதைக் கையில் வைத்துக்கொள்வது

என் கருத்தைச் சொல்கிறேன். முதல் ஆபரேஷனைத் தாமதிக்காமல், அனுபவமுள்ள சிறுநீரக அறுவை மருத்துவர் யாரிடமும் செய்துகொள்ளலாம். இரண்டாவது அப்படியில்லை. அதை அடிக்கடி செய்கிற இடத்தில்தான் செய்ய வேண்டும், அரிதான நோய்க்கான அரிதான ஆபரேஷன் அது. பாண்டியில் ஜிப்மரில் புற்றுநோய்க்கென மண்டல மையம் இருக்கிறது, சென்னையில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. "இந்த ஆபரேஷனை இங்கே வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், நரம்பைக் காப்பாற்றும் முறையில் செய்ய முடியுமா?" என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கடலூர்க்காரர்கள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குழந்தைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆண் குழந்தைக்கு விரை பையில் இறங்கவில்லை என்றால் "வளர வளர இறங்கிடும்" என்று பள்ளி போகும் வயது வரை விடாதீர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு தானாக இறங்குவது அரிது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் அதை இறக்கிப் பொருத்தும் சிறு ஆபரேஷன் செய்துவிட வேண்டும். இறங்காத விரையில் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம், பருவ வயதுக்கு முன்பே இறக்கிவிட்டால் அது குறைகிறது.

சிகிச்சை முடிந்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு இடைவெளியைக் கூட்டி ஐந்து ஆண்டுகள் வரையாவது ரத்தமும் ஸ்கேனும் பார்க்க வேண்டும். நூற்றில் ஓரிருவருக்கு மற்ற விரையிலும் நோய் வரலாம் என்பதால், மாதம் ஒருமுறை குளிக்கும்போது தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் சிங்கப்பூர், வளைகுடா என்று வேலைக்குப் போய்விடுவதால் இந்தத் தொடர் சோதனைதான் முதலில் அறுந்துபோகிறது. போகும் முன் அங்கே எந்த மருத்துவமனையில் பார்ப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய மார்க்கர் எண்கள், விரையின் நோய்க்குறியியல் அறிக்கை, ஆபரேஷன் குறிப்பு, எந்தெந்தக் கீமோ மருந்து எத்தனை சுற்று என்ற விவரம், சி.டி. ஸ்கேன் தட்டு ஆகிய ஐந்தையும் ஒரே பையில் போட்டு பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டு, தாள்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்துப் போனிலும் ஒரு பிரதி வைத்திருங்கள்.